மாகாண சபை வாசலில் நிற்கும் ஆசிரியர்களுக்கு

மலையகத் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும்,



மாகாண சபைத் தேர்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அறிவிப்பு வந்த மறுநாளே ஹற்றனிலும் தலவாக்கலையிலும் இராகலையிலும் உள்ள கட்சிக் காரியாலயங்களிலிருந்து உங்களைத் தேடி ஆள் வரும். தோட்டத்துக்குத் தோட்டம் தெரிந்த முகம் வேண்டும். மேடையில் தடுமாறாமல் பேசத் தெரிந்திருக்க வேண்டும். சண்டை சச்சரவில் சிக்காத பேர் வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் பாடசாலைதான். லயத்துக்கு லயம் "சேர்", "டீச்சர்" என்று எழுந்து நிற்கும் மரியாதையை வாக்காக மாற்றிக்கொள்ளலாம் என்பது கட்சிகள் நெடுநாளாக அறிந்த கணக்கு. உங்களில் சிலரிடம் இப்போதே பேச்சு எடுத்திருப்பார்கள்.

போகாதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. போகத்தான் வேண்டும். ஆனால் வேட்புமனுவில் கையெழுத்துப் போடுமுன், இதே ஹற்றனில் இதே வழியில் முன்பு நடந்த ஓர் ஆசிரியரின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். அவர் சாதித்ததிலும் பாடம் இருக்கிறது, தோற்றதிலும் இருக்கிறது.

அவர் கோ. நடேசய்யர். 1887இல் பிறந்த தஞ்சாவூர்க்காரர். வணிகப் பாடம் கற்பித்த ஆசிரியர். கணக்குப் பதிவு, இன்ஷூரன்ஸ், எண்ணெய் இயந்திரம் என்று தமிழில் அதிகம் எழுதப்படாத துறைகளுக்குச் சிறு நூல்கள் எழுதியவர். தஞ்சாவூரில் வியாபாரிகளுக்காக 'வர்த்தக மித்திரன்' என்ற பத்திரிகையும் நடத்தினார். 1915இல் கொழும்பில் நடந்த வணிகர் சங்க விழாவுக்கு வந்தார். வந்த இடத்தில், மலைநாட்டுத் தோட்டங்களில் தமிழர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார்.

பார்க்க விடமாட்டார்கள். தோட்டம் துரையின் சொந்த நிலம். வெளியாள் அனுமதியின்றிக் காலடி வைத்தால் அத்துமீறல். உள்ளே போய் வர முடிந்தவர்களில் புடவை வியாபாரிகளும் இருந்தார்கள். ஆகவே நடேசய்யரும் புடவை வியாபாரியாகப் போனார். அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதிய சாரல் நாடன் வழியாக இந்தச் செய்தி மலையகத்தில் பலருக்கும் தெரியும். சாகசக் கதையாகவே அதைச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் உள்ளே போனவர் கணக்கு வாத்தியார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் மனிதனைக் கட்டிப்போட்டது விலங்கல்ல, கணக்கு. ஊரிலிருந்து கூட்டி வந்த செலவு பெரிய கங்காணியின் கொப்பியில் கடனாக நிற்கும். அரிசி கடன், கம்பளி கடன், கல்யாணம் காட்சிக்கு வாங்கியது கடன். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போவதானால் கடனைக் குறித்த துண்டு கூடவே போகும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அந்தக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? கணக்குப் பதிவுக்குப் பாடநூல் எழுதிய மனிதர் அதைப் பார்த்த பிறகு சும்மா திரும்பவில்லை.

பிறகு கொழும்பிலேயே தங்கினார். 1921இல் 'தேசநேசன்', அதன்பின் 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள். ஏ.ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் துணைத் தலைவராக இருந்தார். 1925இல் இடைத்தேர்தலில் வென்று சட்ட நிரூபண சபைக்குப் போனார். குணசிங்கவின் அரசியல் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பத் தொடங்கியதும் 1928இல் பிரிந்தார். 1931 சனவரியில் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று முதன்முதலில் தோட்டப் பகுதியிலேயே வேர்விட்ட சங்கம் அது. 1936இல் ஹற்றன் தொகுதியில் வென்று அரசாங்க சபை உறுப்பினரானார். 1947 வரை இருந்தார்.

இது பதவி வரலாறு. உங்களுக்கு இதைவிட முக்கியமானது அவர் வேலை செய்த முறை.

1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1929 முதல் மலைநாட்டில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதம், நடுநாட்டில் 52, தாழ்நாட்டில் 50 என்று நிர்ணயித்தார்கள். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. இரண்டு வருடத்திலேயே உலக மந்தநிலை வந்து, அந்தச் சதத்திலும் வெட்டு விழுந்தது. சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. துரைக்குத் தெரியும், கங்காணிக்கு அரைகுறையாகத் தெரியும், கொழுந்து எடுப்பவருக்குத் தெரியாது. நடேசய்யர் சபையில் பேசியதோடு நிற்கவில்லை. தொழிலாளருக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று கேள்வியும் பதிலுமாக விளங்கும் தமிழில் சிறு நூல்களாக அச்சிட்டுக் கொடுத்தார். தோட்டத்துக்குள் கூட்டம் போட விடாதபோது கடைவீதியில் போட்டார். தோட்ட வாழ்க்கையை நாடகமாக எழுதினார். தோட்டத்துரைகளின் ஆட்சியை ஆங்கிலம் படித்தவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தனியாக ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார்.

அவர் மனைவி மீனாட்சியம்மையை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது. பத்திரிகை வேலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது; கூட்டங்களில் பாட்டாகவே பாடி அரசியலைச் சொன்னார். அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டு மெட்டிலும் நாட்டுப் பாட்டு மெட்டிலும் சட்டமும் சம்பளமும் வந்தன. 1940இல் அவர் பாடல்கள் சிறு நூலாகவும் வந்தன. வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்கு எப்படிக் கற்பிப்பது என்று தெரிந்த பெண்மணி.

சபை உறுப்பினரானதும் நடேசய்யர் வாத்தியார் வேலையை விட்டுவிடவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. வகுப்பு மட்டும் பெரிதாயிற்று. அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் சபைகளுக்குப் போனார்கள். பாலம் கட்டினார்கள், கூரைத் தகடு கொடுத்தார்கள், நியமனம் வாங்கிக் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் அவர் பேசி முடித்துக் கூட்டம் கலையும்போது, வந்தவருக்குத் தன் சம்பளத்தைப் பற்றி வரும்போது தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். அப்படிச் சொல்லத்தக்க அரசியல்வாதிகள் நம்மிடையே எத்தனை பேர்?

இனி அவர் தோற்ற இடம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சம்மேளனம் அவரைச் சுற்றியே நின்றது. தோட்டந்தோறும் கமிற்றி, அந்தக் கமிற்றியைத் தானே நடத்தத் தெரிந்த தலைவர்கள், அவருக்குப் பின் நாற்காலியில் உட்காரக்கூடிய இரண்டாவது ஆள் என்று எதுவும் உறுதியாக வளரவில்லை. 1939 யூலையில் நேரு வந்து போனதோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அதன் தொழிற்சங்கம் தோட்டங்களுக்குள் வேகமாகப் பரவியது. நடேசய்யர் வெளியிலேயே நின்றார். சில ஆண்டுகளில் அவருடைய சங்கம் தேய்ந்தது. 1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மலைநாட்டுத் தொழிலாளிக்காக முதலில் குரல் கொடுத்தவர் தோற்றார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி இறந்தார்.

மாணவனைத் தன்னிலும் பெரியவனாக ஆக்கி அனுப்புவது ஆசிரியரின் வேலை. பத்திரிகையாளராக, பேச்சாளராக, சபை உறுப்பினராக அவர் நன்றாகவே கற்பித்தார். தலைவர்களை உண்டாக்கும் வகுப்பை மட்டும் அவர் நடத்தவில்லை. அந்தக் குறை அவரோடு முடியவும் இல்லை. ஒரு தலைவர், ஒரு குடும்பம், ஒரு சின்னம் என்று நம் அரசியல் இன்றுவரை அதைச் சுமந்து திரிகிறது.

அவர் இறந்த மறுவருடம் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது; வாக்குரிமையும் போனது. 1947இல் ஏழு பேரை அனுப்பிய மக்களிடமிருந்து 1952இல் ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் நுவரெலியாவில் வெல்லும்வரை தோட்ட மக்களால் தெரிவான உறுப்பினர் இல்லை. அந்தக் கால் நூற்றாண்டில் வாக்குக் கேட்கவும் வழியில்லை, கொடுக்கவும் வழியில்லை. அப்போது அரசியல் பாடசாலையில்தான் நடந்தது.

ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் கற்பித்து அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கத்தை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். சபை எதிலும் உட்காராத அரசியல்வாதி அவர். லயத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போகலாம் என்பதே அன்றைக்கு ஓர் அரசியல் கோரிக்கை. 'மலையகத்தான்' என்று தலைநிமிர்ந்து சொல்லும் ஒரு தலைமுறை அவருடைய வகுப்பறையிலிருந்தும் மேடைகளிலிருந்தும் வந்தது. பிறகு அவர் இந்தியா சென்று நீலகிரியில், தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு போய்த் தவித்தவர்களுக்காகப் பாடுபட்டார். நடேசய்யர் விட்ட குறையை இவர் தொட்டார்: தனக்குப் பின் ஆட்களை உண்டாக்கினார்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் போகவிருக்கும் சபை எப்படிப்பட்டது? 1987 நவம்பரில் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பிள்ளை. மத்திய மாகாண சபையில் 58 ஆசனங்கள். அதில் நுவரெலியா மாவட்டத்துக்கு 16. முதலமைச்சரோடு சேர்த்து ஐந்து அமைச்சர்கள்தான் இருக்கலாம். தமிழ்க் கல்விக்கென ஓர் அமைச்சுப் பொறுப்பு அங்கே இருந்ததை மறக்கக் கூடாது. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த எல்லா அரச பாடசாலையும் மாகாணத்தின் கையில். நம் தோட்டப் பாடசாலைகள் அநேகமாக அதற்குள்தான் வரும். ஹற்றன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த வலயங்களில் எந்தப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் போகிறார், எந்தப் பாடசாலை உயர்தர வகுப்புக்குத் தரமுயர்கிறது என்பதெல்லாம் அங்கே பேச வேண்டிய விடயம்.

அந்தச் சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21இல். 2018 ஒக்டோபரில் அதன் ஆயுள் முடிந்தது. 2017இல் வந்த திருத்தச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய எல்லைகளைக் குறித்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையில் நடத்தச் சட்டமில்லை, புதிய முறையில் நடத்த எல்லையில்லை. சபையின் ஆயுள் முடிந்ததிலிருந்து சனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார். உங்கள் பாடசாலைக்கு வரவேண்டிய ஆசிரியரைப் பற்றிக் கேள்வி கேட்க, மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் கண்டியில் இல்லை. ஆகவே, ஆசிரியர் தொழிற்சங்கங்கள் இப்போது கேட்க வேண்டிய முதல் கோரிக்கை தேர்தல். சம்பள முரண்பாட்டுக்கு வீதியில் இறங்கத் தெரிந்த உங்களுக்கு இதையும் கேட்கத் தெரியும்.

தேர்தல் வந்து, நீங்களும் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, கொடுக்க முடியாததை வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள். நாட்சம்பளம் மாகாண சபையில் தீர்மானமாவதில்லை. அது கம்பனி, தொழிற்சங்கம், சம்பள நிர்ணய சபை, மத்திய அரசு சம்பந்தப்பட்டது. தோட்டக் குடும்பங்களுக்கான 7 பேர்ச்சஸ் காணியும் வீடும் அநேகமாக அப்படியே. தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகுவதற்கும் மாகாண சபைக்கும் உள்ள தூரத்தை முதலில் நீங்கள் படித்து, பிறகு மக்களுக்குச் சொல்லுங்கள். மாகாணத்தால் முடிந்தவை வேறு: பாடசாலை, முன்பள்ளி, கிராமிய மருத்துவமனை, மாகாண வீதி. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் செலவு செய்யக் கட்டிய தடை 2018 திருத்தத்தோடு தளர்ந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகள் அதே ஆண்டு ஆறாயின. இவற்றையெல்லாம் பயன்படுத்தத் தெரிந்தவர் வேண்டும்.

இரண்டாவது, வரவு செலவுத் திட்டத்தை எங்களுக்கு வகுப்பெடுங்கள். மாகாணத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி கொழும்பிலிருந்து நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி வருவது. அதில் பெரும் பங்கு சம்பளத்துக்கே போய்விடும். கட்டடத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் எல்லாரும் இழுத்துப் பிடிக்கிறார்கள். எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு வந்தது, எந்த வலயத்துக்குப் போனது என்று வருடத்துக்கு ஒரு தடவை கோயில் முன்றலில் நின்று விளக்கினால் போதும். நடேசய்யர் 54 சதத்துக்குக் கணக்குச் சொன்னார். கோடிக் கணக்கைச் சொல்ல உங்களால் முடியாதா?

மூன்றாவது, இடமாற்றம். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரசியல்வாதி வீட்டு வாசலில் இடமாற்றக் கடிதத்தோடு நின்ற வேதனை உங்களுக்குத்தான் தெரியும். 2015 வாக்கில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் சேர்த்தபோது, படித்த பிள்ளைகள் அந்தக் காசில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடினார்கள். அவர்களில் பலர் இன்று உங்கள் பக்கத்து வகுப்பில் கற்பிக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தை அறிந்த நீங்கள் அமைச்சரானதும், உங்களுக்கு வேலை செய்தவருக்கு நகரப் பாடசாலை, செய்யாதவருக்குத் தொங்கல் தோட்டம் என்று ஆரம்பித்தால் மன்னிப்பே கிடையாது. முதல் அமர்விலேயே இடமாற்றத்துக்கு வெளிப்படையான புள்ளி முறை கேளுங்கள். அது உங்கள் கையையும் கட்டட்டும்.

நான்காவது, பிரசாரத்துக்குப் பாடசாலையைத் தொடாதீர்கள். பிள்ளையின் கொப்பிக்குள் துண்டுப் பிரசுரம் வைத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தைக் கட்சிக் கூட்டம் ஆக்காதீர்கள். அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில்தான் போட்டியிட வேண்டியிருக்கும். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் தள்ளிப்போனபோது, அப்படி நின்ற பலர் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்ததைப் பார்த்தோம். 2025 மே வரை அந்தத் தேர்தல் நடக்கவில்லை. வீட்டில் பேசி, கையிருப்பைப் பார்த்து முடிவெடுங்கள். கட்சிக்காரர் செலவைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பி இறங்கினால், வென்ற பிறகு யாருடைய குரலில் பேசுவீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாவது, டீச்சர்மாருக்குத் தனியாக. கொழுந்து எடுப்பது பெண்கள், பாடசாலைகளில் அதிகம் கற்பிப்பதும் பெண்கள். ஆனால் கட்சிப் பட்டியலின் அடியில் எண்ணிக்கைக்காகப் போடுவதும் பெண்களைத்தான். 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். வாக்காளர் தயாராகத்தான் இருக்கிறார்கள். மீனாட்சியம்மை மேடை ஏறிய காலத்தில் அவருக்கு இருந்த தடைகளோடு பார்த்தால், உங்களுக்கு இருப்பவை குறைவு. பட்டியலின் அடியில் இடம் தந்தால் மறுத்துவிடுங்கள், மேலே கேளுங்கள்.

கடைசி வேண்டுகோள். இரண்டு தவணைக்கு மேல் இருக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே உங்கள் இடத்துக்கு இருவரை, முடிந்தால் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும், பழக்குங்கள். நீங்கள் ஆசிரியர்கள், ஆளை உருவாக்குவது உங்களுக்குப் புதிதல்ல. நடேசய்யரின் அறிவும் துணிவும் உங்களில் பலரிடம் இருக்கலாம். அவர் செய்யாமல் விட்ட இந்த ஒன்றைச் செய்துவிட்டால், அவரைவிட நெடுநாள் நிற்கும் வேலையைச் செய்தவர்களாவீர்கள்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கும் பொறுப்பைத் துரையிடம் கொடுத்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். ஏனைய பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கிடைத்தது நம் பிள்ளைகளுக்குப் பிந்திக் கிடைத்தது. அந்த இடைவெளியை அடைப்பதில் மாகாண சபைக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதற்காகத்தான் உங்களை அங்கே அனுப்ப விரும்புகிறோம்.

உங்களை 'கௌரவ உறுப்பினர்' என்று அழைக்கக் கட்சிக்காரர்கள் இருப்பார்கள். நாங்கள் "சேர்", "டீச்சர்" என்றே அழைப்போம். அந்தப் பெயருக்கு உரிய வேலையைச் சபையிலும் செய்யுங்கள். செய்யாவிட்டால், அடுத்த தேர்தலில் உங்களுக்கு எதிராக வாக்களிக்கும் அறிவை எங்களுக்குக் கொடுத்ததும் நீங்கள்தான் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

அன்புடன்,
தோட்டப் பாடசாலையில் படித்த ஒருவன்
ஹற்றன்